அடுத்தவர் செட்டப்பும் என் லேப் டைமும்

மாரமங்கலத்தில் மழை பிடித்துக்கொண்டால் சாயங்காலமே ஊர் அடங்கிவிடும். அந்த மாதிரி நாட்களில் மேஜையில் ஸ்டீயரிங்கை மாட்டிக்கொண்டு மொன்சா தடத்தில் கார் ஓட்டுவேன். கணினியில்தான், பயப்பட வேண்டாம். போன வாரம் பட்டியலில் முதல் இடத்தில் இருந்தவரின் செட்டப்பை இறக்கிப் போட்டுக்கொண்டேன். விளையாட்டோடு வந்த சாதா செட்டப்பில் ஓட்டியதைவிட இரண்டு நொடி மெதுவாகிவிட்டேன்! அதே கார், அதே தடம். இது எப்படி என்று குடைந்ததில் கொஞ்சம் பழங்கதையும் சேர்ந்துகொண்டது.

நம்ம பக்கத்திலிருந்தே தொடங்குவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதை ஒன்று உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. ஓடுபாதை என்றால் நீளமான நேர்கோடு, முனையில் சட்டென்று ஒரு திருப்பம். நேரில் வேகம் வேண்டுமென்றால் கியர் விகிதத்தை நீட்டணும்; நீட்டினால் திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது இழுவை போய்விடும். கையில் இருப்பதோ ஸ்டாப்வாட்ச். ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஆச்சு என்று அது சொல்லும், எந்த இடத்தில் போச்சு என்று சொல்லாது.

1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. சுமார் 3.7 கி.மீ., 12 திருப்பங்கள். அதே காலகட்டத்தில் கோவை எஸ். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்களும் ஓடின. எல்லோருக்கும் ஒரே கார் என்றால் வித்தியாசம் ஓட்டுபவரிடமும், அவர் காரைத் தனக்குத் தோதாக அமைத்துக்கொள்வதிலும்தான் இருக்கும். நரேன் கார்த்திகேயன் பந்தயத்துக்குள் நுழைந்ததும் இந்த வகைக் காரில்தான்.

கணினிக்கு வருவோம். 1991இல் ஜெஃப் கிராமண்ட் எழுதிய ஃபார்முலா ஒன் கிராண்ட் பிரி விளையாட்டில் இறக்கை, கியர், பிரேக் சமநிலை ஆகியவற்றை மாற்ற முடிந்தது. 1998இல் பாப்பிரஸ் நிறுவனத்தின் கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ் வந்தது. 1967ஆம் ஆண்டின் கார்கள், இறக்கையே கிடையாது. ஸ்பிரிங், டாம்பர், டிஃபரன்ஷியல் வரைக்கும் கை வைக்கலாம். ஆனால் வாங்கிய பலர் முதல் திருப்பத்தைக்கூடத் தாண்டவில்லை. (எனக்கு அந்த விளையாட்டின் மேல் தனி மரியாதை, அது வேறு கதை.)

செட்டப் இல்லாமல் நிஜக் காரில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மாள் ஒருவரே சாட்சி. 2010 பஹ்ரைன் பந்தயத்தில் சென்னையின் கருண் சந்தோக், ஹிஸ்பானியா காரில் முதல்முறையாகச் சுற்று ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான். அதற்கு முன் பயிற்சி ஓட்டம் பூஜ்யம். 24ஆவது, அதாவது கடைசி இடம். பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே வெளியே வந்துவிட்டார். அவரைக் குறை சொல்வது அநியாயம் என்பேன். அளந்து பார்க்க ஒரு சுற்றுகூட இல்லாதவர் எதைத் திருத்துவார்?

என்னிடம் சுற்றுகள் எக்கச்சக்கம், அளந்ததுதான் இல்லை. அந்த முதலிடக்காரர் பிரேக்கை மிதித்தபடியே திருப்பத்துக்குள் நுழைகிறவர். எடை முன்சக்கரத்தில் இருக்கும், பின்பக்கம் லேசாகிச் சுழன்று கொடுக்கும். அதற்கேற்ப பின்புறத்தை இறுக்கி, பின் இறக்கையைக் குறைத்திருக்கிறார். நானோ ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பழகினவன். நேரிலேயே பிரேக் போட்டு முடித்து, காலை எடுத்து, அப்புறம்தான் திருப்புவேன். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் அவர் கார் எனக்குப் பின்னால் வழுக்கியது.

சாதா செட்டப்புக்கே திரும்பி, எதையும் தொடாமல் பத்துச் சுற்று ஓட்டினேன். வேகமான சுற்றுக்கும் மெதுவான சுற்றுக்கும் 1.9 நொடி வித்தியாசம். என் ஓட்டமே இவ்வளவு ஆடும்போது, ஒரு திருகைத் திருப்பினதால் 0.2 நொடி கிடைத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் மூன்று நாள் செட்டப் பக்கமே போகவில்லை. வித்தியாசம் 0.6க்கு வந்த பிறகுதான் டயர் சூட்டைப் பார்த்தேன். நடுப்பகுதி இரண்டு ஓரங்களையும்விடச் சூடாக இருந்தது, காற்று அதிகம் என்று அர்த்தம். காற்றை மட்டும் குறைத்தேன், வேறு எதையும் தொடவில்லை. மறுபடி பத்துச் சுற்று. சராசரியில் 0.4 நொடி குறைந்தது.

அடுத்தது பின் இறக்கை. கரண்ட் வந்ததும் பார்க்கணும்.