திங்கள் வேலைக்கு, ஞாயிறு பந்தயத்துக்கு

ஒரு பழைய சைக்கிள் சட்டத்தின் (frame) கதை பர்மிங்காமில் ஆணி செய்து விற்ற ரெனால்ட்ஸ் குடும்பத்தில் தொடங்குகிறது. சைக்கிளுக்கு மெல்லிய எஃகுக் குழாயைப் போட்டால் மூட்டில் தாங்காது. தடித்ததைப் போட்டால் வண்டி கனக்கும். அந்தக் குடும்பத்து ஆல்ஃபிரட் 1897-இல் இதற்கு வழி கண்டு காப்புரிமை பெற்றார். முனைகளில் சுவர் தடித்து, நடுவில் மெலிந்த குழாய். வெளியே தடவினால் ஒன்றும் தெரியாது, மாற்றமெல்லாம் உள்ளே. 1935-இல் அதே நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த ‘531’ எஃகைக் கொண்டுவந்தது. (அப்போது அதன் தாய் நிறுவனம் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ், 1949-இல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியதும் அதுதான்.)

குழாய்கள் சிறு பட்டறைகளுக்குப் போயின. மூட்டுக்கு மூட்டு எஃகு உறை மாட்டி, பித்தளையை உருக்கி ஓடவிட்டு இணைத்தார்கள். அப்படிப் பிறந்தவற்றில் ‘ரோடு-பாத்’ என்ற வகைமீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் ஒன்றாகவே செய்த சட்டம் அது. ஃபிக்ஸட் கியர் வண்டி. பின்பக்கப் பல்சக்கரம் ஹப்போடு மரையில் இறுகியிருக்கும், அது கழன்றுவிடாதபடி எதிர்மரையில் ஒரு பூட்டு வளையம். சக்கரம் உருளும்வரை பெடலும் சுற்றியே தீரும்.

இரண்டு சைக்கிள் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்கு இது வரம். அன்றைய பிரிட்டனில் பொதுச்சாலையில் கூட்டமாகப் பந்தயம் விட தேசிய சைக்கிள் சங்கம் தடை போட்டிருந்தது. ஆகவே விடியற்காலையில் நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு போட்டியிட்டார்கள். 1895-இல் பிட்லேக் என்பவர் தொடங்கிவைத்த வழக்கம். பந்தய இடத்துக்குப் போவதும் அதே வண்டியில்தான். முன் அச்சில் இருபுறமும் தாங்கி பொருத்தி, பந்தயச் சக்கரங்கள் இரண்டையும் அதில் கட்டிக்கொண்டு மிதிப்பார்கள். போய்ச் சேர்ந்ததும் மட்கார்டைக் கழற்றி, சக்கரம் மாற்றி, ஓட்டி முடித்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு வீட்டுக்கு. மறுநாள் காலை அதே வண்டியில் வேலைக்கு. 1956-இல் ரே பூட்டி நூறு மைலை முதன்முதலாக நான்கு மணி நேரத்துக்குள் (3:58:28) முடித்ததும் ஃபிக்ஸட் கியரில்தான்.

இத்தனைக்கும் அந்தச் சட்டத்தில் கூடுதலாக இருந்தவை அற்பமானவை. மட்கார்டு திருக சிறு காதுகள். டயரைச் சுற்றிக் கொஞ்சம் தாராளமான இடம். ஃபோர்க்கின் தலையில் முன்பிரேக்குக்கு ஒரு துளை; பின்சக்கரத்தைக் காலே நிறுத்திவிடுவதால் பிரிட்டிஷ் சட்டப்படி அந்த ஒரு பிரேக் போதும். பின்னோக்கித் திறந்த நீளமான பிளவில் அச்சை நகர்த்தியே செயினை இறுக்கிக்கொள்ளலாம். மட்கார்டோடு சக்கரத்தைப் பின்னால் உருவி எடுப்பது சிரமம்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஜப்பானியக் கெய்ரின் தடப்பந்தயச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வேலைப்பாடு அற்புதம், பிரேக் துளையோ மட்கார்டுக்கு இடமோ கிடையாது. தடத்தைவிட்டு வெளியே வந்தால் அதற்கு வேலையில்லை.

பிறகு கியர் மாற்றும் வண்டிகள் பரவின, ரோடு-பாத் சட்டங்கள் கொட்டகையில் தூங்கின. பெருநகரக் கூரியர் பையன்கள் ஃபிக்ஸட் கியருக்கு மவுசு தேடித் தந்தபின், 2000-க்குப் பிந்தைய மோகத்தில் பலர் இவற்றைத் தூசி தட்டி வெளியே எடுத்தார்கள்.

அப்படி ஒன்று கைக்கு வந்தால் முதலில் தலைக்குழாய்க்குச் சற்றுக் கீழே, கீழ்க்குழாயின் அடிப்புறத்தில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். வர்ணத்துக்கு அடியில் சிறு மடிப்பு தட்டுப்பட்டால் வண்டி எங்கோ நேராக மோதியிருக்கிறது. அப்படியே கீழே வைத்துவிடலாம். அடுத்து நூல். ஒரு பின்முனையில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி இழுத்து, மறுமுனையில் கட்டினால் இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருக்கவேண்டும். 27.2 மி.மீ. சீட் போஸ்ட் சரியாக இறங்கினால் நல்ல மெல்லிய குழாய் என்று நம்பலாம். பெடல் அச்சைக் கழற்றி, கூட்டுக்குள் டார்ச் அடித்துத் துருவைப் பார்த்தேயாக வேண்டும், தண்ணீர் தங்குவது அங்கேதான். பழைய சட்டங்களில் பின்முனைகளின் இடைவெளி 110 மி.மீ. இருக்கும், இன்றைய ஹப்புக்கு 120 வேண்டும். எஃகு என்பதால் நிதானமாக விரித்துக்கொள்ளலாம்; விரித்தபின் இரு முனைகளும் இணையாக நிற்கின்றனவா என்று மட்டும் சரிபார்க்கவேண்டும்.

வர்ணம் உரிந்திருப்பதும் மேல்துருவும் விலை பேச உதவும், வேண்டாம் என்று சொல்லக் காரணமாகாது. அழகுக்காக மட்கார்டு காதுகளை யாராவது ராவித் தள்ளியிருந்தால் நான் அதை வாங்கமாட்டேன்.