ஒரு மலை, இரண்டு பெரிய மனிதர்கள்

அரக்கோணத்தில் ரேணிகுண்டா பக்கம் போகும் ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருத்தணி வந்துவிடும். மலை, முருகன், 365 படிகள்... நம்மில் பலருக்குத் தெரிந்த திருத்தணி அவ்வளவுதான். ஆனால் "பெரிய மனிதன் என்றால் யார்?" என்ற கேள்விக்கு இந்தச் சின்ன ஊர் இரண்டு விடைகளை வைத்திருக்கிறது நண்பர்களே!

முதல் விடை எல்லோருக்கும் தெரிந்தது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில், வசதியில்லாத ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். உதவித்தொகையில் படித்தவர். உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்ததால்தான் அந்தப் பாடத்தையே எடுத்தார் என்று சொல்வார்கள். அவர்தான் பின்னாளில் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகவும், 1962 முதல் 1967 வரை நாட்டின் குடியரசுத் தலைவராகவும் இருந்தார்.

இரண்டாவது விடை ம.பொ.சிவஞானம். சென்னையில் 1906-ல் பிறந்தவர். வறுமையால் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்துப் பிழைத்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர், அங்கே சிலப்பதிகாரத்தில் மூழ்கிச் 'சிலம்புச் செல்வர்' ஆனார்!

இவருக்கும் திருத்தணிக்கும் என்ன சம்பந்தம்?

1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர் விட்டார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் வடக்கு எல்லைப் போராட்டத்தில் இறங்கியது. பிறகு படாஸ்கர் என்பவரை நடுவராக வைத்துப் பேசினார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதியும் காளஹஸ்தியும் சித்தூரும் அங்கேயே தங்கிவிட்டன. நம் பக்கமிருந்தும் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? ராதாகிருஷ்ணன் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த 1952 முதல் 1962 வரையிலான பத்தாண்டுகளுக்குள் அவர் பிறந்த ஊர் இரண்டு முறை மாநிலம் மாறிவிட்டது! மனிதர் மாறவில்லை, மலை மாறவில்லை. அப்படியானால் அவர் ஆந்திரரா, தமிழ்நாட்டுக்காரரா? இரு பக்கமும் இன்றும் உரிமை கொண்டாடுகிறார்கள். ஒரு மனிதனின் அடையாளத்தை ஒரே வார்த்தையில் எழுத முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அப்படியென்றால் ம.பொ.சி. ஒரு கோட்டுக்காகப் போராடியது வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு விவசாயிக்கு மாநில எல்லை என்பது வரைபடத்துக் கோடு மட்டுமல்ல. தாலுகா ஆபீசில் எந்த மொழியில் மனு எழுதுவது, பிள்ளை எந்த மொழியில் படிப்பான் என்பதெல்லாம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவருக்குப் பள்ளிக்கூடத்தின் அருமை தெரியாமலா இருக்கும்? ஆனால் அதே நியாயம் இந்தப் பக்கம் வந்துவிட்ட தெலுங்குக் குடும்பங்களுக்கும், அந்தப் பக்கம் நின்றுவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கும் உண்டு. எந்த எல்லைக் கோட்டைப் போட்டாலும் யாராவது சிலர் தப்பான பக்கத்தில் நிற்கத்தான் செய்வார்கள். அவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் ஒரு சமூகத்தின் பெருந்தன்மை தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ம.பொ.சி. வருவதற்கு முன்பே இந்த வட்டாரக் கிராமங்களில் தமிழ் சொல்லிக்கொடுத்து, எல்லை உணர்வை வளர்த்தவர் மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர். போராட்டத்தில் அவரோடு நின்றவர் திருத்தணி கே.விநாயகம். பெயர் தெரியாமல் சிறைக்குப் போனவர்கள் ஏராளம். நான் படிப்பது வணிகவியல். எங்கள் பாடத்தில், வரவு ஒரு பக்கம் எழுதினால் அதற்கு ஈடான பற்று இன்னொரு பக்கம் இருந்தே ஆகவேண்டும். சரித்திரத்தில் மட்டும் ஏன் எல்லா வரவையும் ஒரே தலைவர் பெயரில் எழுதிவிட்டு, மறுபக்கத்தைக் காலியாக விடுகிறோம்?

இதைச் சொல்வதால் ம.பொ.சி. சிறியவர் ஆகிவிட மாட்டார். பலருடைய வலியைத் தன் குரலில் பேச முடிந்ததுதான் அவருடைய பெருமை. கிடைத்த பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு உலகத்தோடு பேசியது ராதாகிருஷ்ணனின் பெருமை. ஒருவர் ஊரை விட்டு வெளியே போய் உயர்ந்தார். இன்னொருவர் வெளியூரிலிருந்து வந்து இந்த ஊருக்காக நின்றார். இரண்டுமே வேண்டும்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போய்ப் பாருங்கள். தமிழிலும் தெலுங்கிலும் வேண்டிக்கொண்டு காவடிகள் ஒரே படிக்கட்டில் ஏறும். அடுத்த முறை போகும்போது, மங்கலங்கிழாரைத் தெரியுமா என்று அங்கே நாலு பேரிடம் கேட்டுப் பாருங்களேன்.