ஆண்டின் சொல் (ஜெர்மனி)

ஜெர்மனியில் ஓர் ஆண்டின் பொதுவாழ்வை ஆட்கொண்ட சொல்லென அறிவிக்கப்படுவது 'வோர்ட் டெஸ் யாரெஸ்', அதாவது ஆண்டின் சொல். வீஸ்பாடன் நகரிலுள்ள ஜெர்மன் மொழிக் கழகம் 1971ஆம் ஆண்டுக்கு முதன்முறையாக ஒரு சொல்லைத் தேர்ந்தது. 1977 முதல் இத்தேர்வு ஆண்டுதோறும் நடைபெறுகிறது. மிகுதியாக வழங்கிய சொல் எது என்று எண்ணிப் பாராமல், அவ்வாண்டின் விவாதங்களில் சொல் பெற்ற முக்கியத்துவத்தையே நடுவர் குழு கருதுவதால், இப்பட்டியல் வரலாற்றுச் சான்றாகவும் பயன்படுகிறது.

முதற்சொல்லான 'அவுஃப்மூப்ஃபிக்', அதிகாரத்துக்குப் பணியாத துடுக்கைக் குறிப்பது. 1968இன் மாணவர் கிளர்ச்சியையடுத்து இளைஞரிடம் காணப்பட்ட மனநிலைக்கு அது பெயராயிற்று. 1979இன் சொல் 'ஹோலோகாஸ்ட்'. அவ்வாண்டு ஜனவரியில் மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பான அப்பெயருடைய அமெரிக்கத் தொடர், நாஜிகள் நிகழ்த்திய யூத இனப்படுகொலையைப் பல குடும்பங்கள் வீட்டிலேயே பேசும்படி செய்தது. கொலைக் குற்றத்துக்கு வழக்குத் தொடரும் காலவரம்பை நாடாளுமன்றம் நீக்கியதும் அதே ஆண்டில்தான்.

பட்டியலின் மிகச் செறிவான பகுதி கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளின் இணைப்பையொட்டியது. பெர்லின் சுவர் திறந்த 1989இல் 'பயண உரிமை' எனப் பொருள்படும் 'ரைஸெஃப்ரைஹைட்' தேர்வாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1991இல், 'பெஸ்ஸர்வெஸ்ஸி' வந்தது. எல்லாம் அறிந்தவராகக் காட்டிக்கொள்பவரைக் குறிக்கும் 'பெஸ்ஸர்விஸ்ஸர்' என்பதையும், மேற்கு ஜெர்மானியரைக் குறிக்கும் 'வெஸ்ஸி' என்பதையும் பிணைத்த இச்சொல், அரசுத் தொழிற்சாலைகள் விற்கப்பட்டும் மூடப்பட்டும் வேலையிழந்த கிழக்கு ஜெர்மானியர், தமக்குப் பாடம் சொல்ல வந்த மேற்கத்திய அலுவலர்மீது கொண்ட மனக்கசப்பை ஒரே மூச்சில் வெளிப்படுத்தியது.

2005இல், ஆங்கெலா மெர்கெல் பதவியேற்றபோது, தலைமை அமைச்சர் பதவிப்பெயரின் பெண்பால் வடிவமான 'புண்டெஸ்கான்ஸ்லெரின்' தேர்வாயிற்று. உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்து மூன்று நாள் கழித்து நாடாளுமன்றத்தில் அன்றைய தலைமை அமைச்சர் ஓலாஃப் ஷோல்ட்ஸ் ஆற்றிய உரையால் பரவிய 'ட்சைட்டன்வெண்டே' (காலத் திருப்பம்) 2022இன் சொல்லாயிற்று.

ஆண்டின் சொல்லுக்கு இணையாக, மொழியறிஞர் ஹார்ஸ்ட் டீட்டர் ஷ்லோஸர் 1991இல் தொடங்கிய 'உன்வோர்ட்' (தகாச்சொல்) தேர்வு, மனித மதிப்பைக் குலைக்கும் சொற்களைச் சுட்டுகிறது. 1994 முதல் அது கழகத்தைச் சாராது இயங்குகிறது. 2011இன் தகாச்சொல் 'டோனர் மோர்டே', அதாவது டோனர் கொலைகள். நவநாஜிக் குழுவொன்று 2000 முதல் 2006 வரை சுட்டுக்கொன்ற ஒன்பது பேரில் எண்மர் துருக்கிய வம்சாவளியினர், ஒருவர் கிரேக்கர். அவர்களுள் பெரும்பாலோர் டோனர் என்னும் இறைச்சி உணவுக் கடையோடு தொடர்பற்றவர்களாயினும், காவல்துறை ஆண்டுக்கணக்கில் அவர்களது குடும்பத்தாரையே சந்தேகித்திருக்க, செய்தியேடுகள் அந்த இறைச்சி உணவின் பெயராலேயே அக்கொலைகளைக் குறித்துவந்தன.