இயங்குதள உரிமத் திறவுகோல்

இயங்குதள உரிமத் திறவுகோல் என்பது, விண்டோஸ் போன்ற வணிக இயங்குதளத்தை ஒரு கணினியில் பயன்படுத்தும் உரிமையை உறுதிசெய்யும் 25 குறிகள் கொண்ட தொடர் ஆகும். இது ஐந்து ஐந்து குறிகளாகப் பிரித்து எழுதப்படும். பேச்சு வழக்கில் இதனை "ப்ராடக்ட் கீ" என்றோ, வெறுமனே "கீ" என்றோ அழைப்பர். வன்தட்டு பழுதாகும்போதும் நச்சுநிரல் தாக்கும்போதும் மடிக்கணினியில் இயங்குதளத்தை மீள நிறுவ நேர்கிறது. அப்போது வன்தட்டை முதலில் அழித்துவிட்டுத் திறவுகோலைப் பிறகு தேடுவோர் பலர். சில கணினிகளில் அத்தேடல் பயன் தராது. வேறு சிலவற்றில் தேடவே தேவையில்லை. எந்தக் கணினி எவ்வகை என்பது பெரும்பாலும் அது தயாரிக்கப்பட்ட காலத்தைப் பொறுத்தது.

தமிழ்நாட்டு விலையில்லா மடிக்கணினிகள்

தமிழ்நாட்டில் சொந்தமாக மடிக்கணினி வாங்க இயலாத குடும்பங்களுக்கு இக்கேள்வி எழுந்தது விலையில்லா மடிக்கணினித் திட்டத்திற்குப் பின்னரே எனலாம். இத்திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் தொடக்கி வைத்தார். திருமழிசை, பூந்தமல்லி, ஆவடி ஆகிய ஊர்களும் இம்மாவட்டத்தைச் சேர்ந்தவையே. முதலாண்டில் 9.12 லட்சம் மாணவர்களுக்கு வழங்க 912 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான இக்கணினிகளை எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி வழியே கொள்முதல் செய்தது.

இவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வன்தட்டில் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. தொடக்கத்தில் வழங்கப்பட்டவை விண்டோஸ் 7 காலத்தவை. பிந்தைய ஆண்டுகளில் வந்தவை புதிய பதிப்புகளைக் கொண்டிருந்தன. ஒரே வீட்டில் அக்காள் பெற்ற கணினிக்கும் தம்பி பெற்ற கணினிக்கும் மீள நிறுவும் வழி வேறுபடுவது இதனால்தான்.

விண்டோஸ் 7 வரையான கணினிகள்

விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா, 7 ஆகியவற்றுடன் விற்கப்பட்ட மடிக்கணினிகளின் அடிப்புறத்திலோ மின்கல அறையினுள்ளோ உண்மைச் சான்று ஒட்டுவில்லை ஒன்று இருக்கும். திறவுகோல் அதில் அச்சிடப்பட்டிருக்கும். மடியிலும் மேசையிலும் உராய்ந்து இந்த அச்சு சில ஆண்டுகளிலேயே மங்கிவிடுகிறது. கணினி புதிதாக இருக்கும்போதே படியெடுத்து வைத்தல் நன்று.

மங்கிய எழுத்துகளைப் படிக்க ஒரு நுட்பம் உதவும். இத்திறவுகோல்களில் 24 குறிகள் மட்டுமே பயன்படுகின்றன. ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும், எல், என், எஸ், இசட் ஆகிய எழுத்துகளும், 0, 1, 5 ஆகிய எண்களும் அவற்றில் இல்லை. ஆகவே 5 போலத் தோன்றுவது 5 ஆகவோ எஸ் ஆகவோ இருக்க இயலாது. வட்டமாகத் தெரிவது பூச்சியமும் அன்று, ஓ எழுத்தும் அன்று. 8, பி ஆகிய இரண்டும் உள்ளமையால் அங்கே ஐயம் நீடிக்கும். விண்டோஸ் 8 முதல் என் எழுத்தும் சேர்க்கப்பட்டது.

ஒட்டுவில்லை பயன்படாதபோது பலரும் நாடுவது திறவுகோல் காட்டும் மென்பொருள்களை. மேஜிக்கல் ஜெல்லி பீன் கீஃபைண்டர், நிர்சாஃப்ட்டின் ப்ரொட்யூகீ முதலியன இவ்வகையின. விண்டோஸ் தன் பதிவேட்டில் குறியாக்கம் செய்து வைத்துள்ள திறவுகோலை இவை படித்துக் காட்டுகின்றன. விண்டோஸ் தொடங்கவே மறுத்தாலும், வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து ப்ரொட்யூகீயைக் கொண்டு படிக்க இயலும்.

ஆயினும் இங்கு ஏமாற வாய்ப்புண்டு. பெருநிறுவனங்கள் தம் தொழிற்சாலையில் விண்டோஸை நிறுவும்போது ஒட்டுவில்லையிலுள்ள திறவுகோலை இடுவதில்லை. அந்நிறுவனத்தின் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒரு திறவுகோலையே இடுகின்றன. பயாஸில் உள்ள எஸ்எல்ஐசி என்னும் அட்டவணையும், வன்தட்டில் உள்ள சான்றிதழ்க் கோப்பும் உடன் இருந்தால் மட்டுமே அது செல்லும். மென்பொருள் காட்டியதை எழுதி வைத்துக்கொண்டு வன்தட்டை முழுதாக அழித்தால், சான்றிதழும் தயாரிப்பாளரின் மீட்புப் பகிர்வும் சேர்ந்தே போய்விடும். எழுதி வைத்தது தனியே பயன்படாது. இதன்பின் பலர் திருட்டுச் செயற்படுத்திகளைத் தேடி, அவற்றுடன் நச்சுநிரலையும் சேர்த்து நிறுவிக்கொள்கின்றனர்.

இதைச் சரிபார்ப்பது எளிது. எஸ்எல்எம்ஜிஆர் என்னும் கட்டளையை டிஎல்ஐ என்ற தெரிவுடன் இயக்கினால் திறவுகோலின் கடைசி ஐந்து குறிகளும் உரிமத்தின் வகையும் தெரியும். அக்குறிகள் ஒட்டுவில்லையோடு பொருந்தாவிடின், கணினியில் உள்ளது தொழிற்சாலைத் திறவுகோல் எனப் பெரும்பாலும் கொள்ளலாம். திறவுகோல் காட்டும் மென்பொருளில் 25 இடங்களிலும் பி எழுத்தே தோன்றினால் பதிவேட்டில் திறவுகோல் இல்லை என்று பொருள். நிறுவனங்களுக்கான தொகுதி உரிமங்களில் இவ்வாறு காணப்படுவதுண்டு. அத்தகைய கணினியை அந்நிறுவனத்தின் கணினிப் பிரிவே மீளச் செயற்படுத்த இயலும்.

விண்டோஸ் 8-உம் அதன் பின்னரும்

2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது இம்முறை மாறியது. கணினி ஒவ்வொன்றுக்கும் தனித் திறவுகோல் வழங்கப்பட்டு, அது தாய்ப்பலகையின் நிலைபொருளில் எம்எஸ்டிஎம் எனும் அட்டவணையில் எழுதப்படுகிறது. ஒட்டுவில்லையில் திறவுகோல் இராது. மீள நிறுவும் நிரல் இதனைத் தானே படித்துக்கொள்வதால் பயனரிடம் எதுவும் கேட்பதில்லை. வன்தட்டை மாற்றினாலும் கேடில்லை. இதைக் கண்ணால் காண விரும்புவோர் பவர்ஷெல்லில் ஒற்றை வரிக் கட்டளையால் பெறலாம். லினக்ஸில் இருந்தும் அவ்வட்டவணையைப் படிக்க முடியும் என்பதால், விண்டோஸ் முற்றிலும் அழிந்த பின்னரும் வழி உண்டு. தாய்ப்பலகையை மாற்றினால் மட்டும் திறவுகோலும் அதனுடன் போய்விடுகிறது.

2015-இல் வந்த விண்டோஸ் 10, இணையவழி உரிமத்தை அறிமுகப்படுத்தியது. இதில் கணினியின் வன்பொருள் அடையாளம் மைக்ரோசாஃப்ட் வழங்கியில் பதிவாகிறது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தப்பட்ட கணினிகளில் மென்பொருள்கள் காட்டுவது எல்லோருக்கும் பொதுவான திறவுகோல். அதனைக் குறித்து வைப்பதால் பயனில்லை. 2016 முதல் இவ்வுரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைத்து வைக்க முடிகிறது. அழிப்பதற்கு முன் செய்ய வேண்டுவது அதுவே.

விண்டோஸ் 7-இன் திறவுகோல்களைக் கொண்டு விண்டோஸ் 10-ஐச் செயற்படுத்தும் வழி 2023 செப்டம்பரில் அடைக்கப்பட்டது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. 2011-இல் வழங்கப்பட்ட கணினியின் திறவுகோலை இன்று கண்டெடுத்தாலும், அதனால் கிடைப்பது பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளமே.

பாஸ் லினக்ஸ்

டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ், 2007-இல் முதலில் வெளியிடப்பட்டது. கட்டற்ற மென்பொருளாதலால் இதற்குத் திறவுகோல் கிடையாது; இணையத்திலிருந்து பதிவிறக்கி எத்தனை முறையும் நிறுவலாம். இரு இயங்குதளங்கள் உள்ள கணினியில் விண்டோஸை மீள நிறுவினால், தொடக்கத்தில் தோன்றும் தெரிவுப் பட்டியல் மறைந்து பாஸ் அழிந்துவிட்டது போலத் தோன்றும். பயாஸ் முறையில் தொடங்கும் பழைய கணினிகளில், விண்டோஸ் தன் தொடக்க நிரலைக் க்ரப் நிரலின் மேல் எழுதிவிடுவதே இதற்குக் காரணம். பகிர்வை அழிக்காதிருந்தால் பாஸும் அதிலுள்ள கோப்புகளும் அப்படியே இருக்கும். நேரடி வட்டு ஒன்றிலிருந்து கணினியைத் தொடங்கி, க்ரப்பை மட்டும் மீண்டும் நிறுவினால் பட்டியல் திரும்பிவிடும்.