மிதிக்கும் எஞ்சினுக்கும் நடுவே: அமெரிக்க எஞ்சின் மாற்றத்தில் ஆக்சிலரேட்டர் கேபிள்

ஒரு காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொரு காரின் எஞ்சினை அதில் பொருத்தும் வழக்கம் அமெரிக்காவில், குறிப்பாகத் தெற்குக் கலிஃபோர்னியாவில், 1930-களிலிருந்து தனியொரு மரபாக வளர்ந்தது. அதைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் குதிரைத்திறனையும் எட்டிய வேகத்தையுமே பேசுகின்றன. ஆக்சிலரேட்டர் மிதி புதிய எஞ்சினோடு எவ்வாறு இணைக்கப்பட்டது என்பது அரிதாகவே பேசப்படுகிறது. மிதி காரின் உடலைச் சேர்ந்தது. அது திறந்து மூட வேண்டிய திராட்டில், அதாவது எஞ்சினுக்குள் செல்லும் காற்றை அளந்துவிடும் தகடு, எஞ்சினைச் சேர்ந்தது. இரண்டும் வெவ்வேறு கார்களிலிருந்து வரும்போது அவற்றை இசைவிப்பது எஞ்சினைத் தூக்கி வைப்பதைவிடச் சில வேளைகளில் கடினமாக இருந்தது.

1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காரில் ஆக்சிலரேட்டர் மிதியே கிடையாது. காலடியில் இருந்த மூன்று மிதிகளும் கியர், பின்னோட்டம், பிரேக் ஆகியவற்றுக்கு உரியவை. வேகத்தைக் கூட்ட ஸ்டீயரிங்கின் கீழே வலப்புறம் இருந்த சிறு நெம்புகோலைக் கையால் இழுத்தனர். அடுத்து வந்த மாடல் ஏ காரில் அந்தக் கை நெம்புகோலோடு காலால் அழுத்தும் பொத்தான் ஒன்றும் சேர்ந்தது. இணைப்பு முழுவதும் இரும்புத் தண்டுகளால் ஆனது.

1932-இல் ஃபோர்டு வெளியிட்ட 65 குதிரைத்திறன் வி8 எஞ்சினைப் பழைய மாடல் ஏ உடலில் பொருத்த முனைந்தவர்களுக்கு அந்தத் தண்டுகள் பயன்படவில்லை. மாடல் ஏ எஞ்சினில் திராட்டிலைக் கொண்ட கார்புரேட்டர் பக்கவாட்டில் தாழ இருந்தது. வி8-இலோ அது எஞ்சினின் உச்சியில் நடுவாக அமர்ந்திருந்தது. ஆகவே தண்டை மேலே ஏற்றி, பெல் கிராங்க் எனப்படும், ஒரு திசையில் வரும் இழுப்பை வேறு திசைக்குத் திருப்பும் எல் வடிவ நெம்புகோலைச் சேர்த்து, ஒவ்வொரு மூட்டிலும் ஆட்டம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு மூன்று கார்புரேட்டர்களை வரிசையாகப் பூட்டியவர்கள் இந்த வேலையைத் தாங்களாகவே பெருக்கிக்கொண்டனர்.

தண்டின் உண்மையான குறை எஞ்சின் ரப்பர் மேல் உட்காரத் தொடங்கியபோதுதான் வெளிப்பட்டது. 1931-இல் கிறைஸ்லர் நிறுவனம் பிளிமத் காரில் 'ஃபுளோட்டிங் பவர்' என்ற பெயரில் ரப்பர் தாங்கிகளை அறிமுகப்படுத்தியது. அதிர்வு உடலுக்கு வராமல் தடுக்கும் இத்தகைய தாங்கிகள் விரைவில் பரவின. ஆனால் ரப்பர் மேல் அமர்ந்த எஞ்சின் முறுக்கு விசை ஏறும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. மிதியையும் கார்புரேட்டரையும் வளையாத தண்டு இணைத்திருந்தால், ஓட்டுநர் காலை அசைக்காமலே திராட்டில் திறந்து மூடும். கார் விக்கி விக்கி ஓடும். நிறுவனங்கள் பெல் கிராங்கின் இடத்தை எஞ்சின் சாயும் அச்சுக்கு அருகே தேர்ந்து இதைச் சமாளித்தன. வேறொரு காரின் எஞ்சினைப் பொருத்தியவருக்கு அந்த இடம் வாய்ப்பது பெரும்பாலும் தற்செயலே.

தீர்வு முன்பே இருந்தது. எர்னஸ்ட் மானிங்டன் பவுடன் 1896-இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற கேபிள், சுருள் உறைக்குள் ஓடும் கம்பியைக் கொண்டது; உறையைச் சார்ந்து கம்பி எவ்வளவு நகர்கிறது என்பதே அதில் கணக்கு. உறையின் முனையை எஞ்சின் மீதே, திராட்டிலுக்கு அருகில் பூட்டிவிட்டால், எஞ்சின் எப்படிச் சாய்ந்தாலும் அந்தக் கணக்கு மாறுவதில்லை. எஞ்சினைப் பின்புறம் வைத்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் தொடக்கத்திலிருந்தே கம்பியை நம்பியிருக்க, எஞ்சினை முன்னால் வைத்த அமெரிக்க நிறுவனங்கள் நெடுங்காலம் தண்டையே விடாமல் பிடித்திருந்து 1960-களின் பிற்பகுதியில்தான் பரவலாகக் கேபிளுக்கு மாறின. இடைப்பட்ட காலத்தில், 1955-இல் வந்த செவர்லே ஸ்மால் பிளாக் வி8, எடை குறைந்ததாகவும் காயலான் கடைகளில் தாராளமாகக் கிடைப்பதாகவும் இருந்ததால், எல்லா வகைக் கார்களிலும் புகுந்துவிட்டது.

கேபிள் வளையுமே தவிர, நீளக் கணக்கை மன்னிப்பதில்லை. திராட்டில் முழுதும் திறக்க 80 பாகை திரும்ப வேண்டும், கம்பி சுற்றியிருக்கும் அரைச்சக்கரத்தின் ஆரம் 35 மி.மீ. என்று கொண்டால், கம்பி சுமார் 49 மி.மீ. நகர வேண்டும். பழைய மிதியில் கம்பி மாட்டும் கை 60 மி.மீ. நீளமும் மிதியின் அசைவு 30 பாகையும் எனில் கிடைப்பது ஏறக்குறைய 31 மி.மீ. மட்டுமே, மிதியைத் தரையோடு அழுத்தினாலும் தகடு மூன்றில் இரண்டு பங்களவே திரும்பும். கையை 94 மி.மீ.க்கு நீட்டினால் குறை தீரும், ஆனால் மிதி கனமாகி, சற்றே தொட்டாலும் கார் பாயும். மாறாக இழுப்பு மிகுந்துவிட்டால், தகடு முழுதும் திறந்த பின்னரும் கால் கொடுக்கும் விசை கம்பியைப் பிரித்து, திராட்டில் அச்சை வளைத்துவிடும். மிதிக்கு அடியில் தடுப்பு போல்ட் ஒன்று வைப்பது இதனால்தான்.

கம்பி இழுக்க மட்டுமே வல்லது, தள்ளாது. ஆகையால் திராட்டிலை மூடும் பொறுப்பு ஸ்பிரிங்கைச் சேர்கிறது. 1973 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கூட்டரசின் 124-ஆம் பாதுகாப்புத் தரம், புதிய வாகனங்களில் திராட்டிலை மூடிய நிலைக்குத் திருப்பும் விசைக்கு ஒன்றுக்கொன்று சாராத இரண்டு மூலங்களாவது இருக்க வேண்டும் என்றும், இலகு வாகனங்களில் காலை எடுத்த ஒரு விநாடிக்குள் அது மூட வேண்டும் என்றும் விதித்தது. வீட்டுக் கொட்டகையில் எஞ்சின் மாற்றியவர்களும் இரட்டை ஸ்பிரிங்கை வழக்கமாக்கிக்கொண்டனர். இந்த மரபில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் அதுவே.

1982 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த 700ஆர்4 தானியங்கி கியர்பாக்ஸ் இரண்டாவது கேபிள் ஒன்றையும் கேட்டது. திராட்டில் எவ்வளவு திறந்துள்ளது என்பதை அந்தக் கேபிள் வழியே அறிந்துதான் கியர்பாக்ஸ் தன் உள் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். வேற்றுக் கார்புரேட்டரில் அது தவறான கோணத்தில் மாட்டப்பட்டால் அழுத்தம் குறைந்து, கிளச்சுத் தட்டுகள் வழுக்கிக் கருகும்.

1997-இல் கார்வெட் காரில் அறிமுகமான எல்எஸ்1 எஞ்சினில் கம்பிக்குப் பதிலாக மிதியில் உணரிகளும் திராட்டிலில் மின்மோட்டாரும் அமைந்தன. அதே எஞ்சின் 1998-இல் கமாரோவுக்குச் சென்றபோது கேபிளோடு சென்றது. பழைய கார்களுக்கு எல்எஸ் எஞ்சின் வாங்குவோர் இதனால் முதலில் திராட்டிலைப் பார்க்கின்றனர். மின் திராட்டில் என்றால் பழைய மிதியைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் கணினியோடு பொருந்தும் மிதியைத் தேடிப் பூட்ட வேண்டும். பழைய மிதியை விட மனமில்லாதவர் கேபிள் திராட்டிலைப் பொருத்துகின்றனர். அவர்கள் கால் எடுத்த நிலையில் எஞ்சின் நின்றுவிடாமல் காற்றளவைச் சீராக்கும் தனி மோட்டாரையும், அதை இயக்கத் தெரிந்த கணினியையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கிறது.