பதினாறு மாசத்துல சாம்பியன் பட்டம் என்ன ஆச்சு? கோலாலம்பூர் 1975, மான்ட்ரியல் 1976

மெல்போர்ன்ல வேலை பார்க்குற நம்ம லிசனர் ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்ல காலிங்வுட் அணி 2023-ல கோப்பையை ஜெயிச்சது. அடுத்த வருஷம் ஃபைனல்ஸ் சுற்றுக்குக்கூட வரல. அதே ஆட்டக்காரர்கள், அதே கோச். ஒரு வருஷத்துல என்னதான் மாறுது, இதுக்கு ஒரு எபிசோடு போடுங்கன்னு கேட்டிருந்தார்.

அந்த ஆட்டத்தைப் பத்திப் பேச மெல்போர்ன்ல ஆயிரம் பேர் இருக்காங்க. ஆனா அதே கேள்விக்கு நம்ம நாட்டுலயே பெரிய கதை ஒண்ணு இருக்கு. ஐ.பி.எல். இல்ல. ஹாக்கி.

1975 மார்ச் 15, கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியம். உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இந்தியா - பாகிஸ்தான். முதல் கோல் பாகிஸ்தானோடது. சுர்ஜித் சிங் பெனால்டி கார்னர்ல சமன் பண்ணார். அப்புறம் தயான் சந்தோட மகன் அசோக் குமார் அடிச்ச பந்து கோல் கம்பத்துல பட்டுத் தெறிச்சு வெளியே வந்துது. கோல் இல்லைன்னு பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் சண்டைக்கு நின்னாங்க. கோல்தான்னு உறுதியா நின்னவர் மலேசிய நடுவர் விஜயநாதன். 2-1. இந்தியா உலக சாம்பியன்.

அதுக்கு முந்தின அரையிறுதி இன்னும் சினிமாத்தனமானது. மலேசியா சொந்த மண்ணுல 2-1 முன்னிலையில நிக்குது, முடிய அஞ்சாறு நிமிஷம்தான் பாக்கி. பெஞ்சுல உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்பினாங்க. கழுத்துல இருந்த தாயத்தை முத்தமிட்டுட்டு பெனால்டி கார்னரை அடிச்சார். கோல். கூடுதல் நேரத்துல ஹர்சரண் சிங் முடிச்சு வச்சார். அந்த அணியில நம்ம தமிழ்நாட்டு விங்கர் வி.ஜே. பிலிப்ஸும் இருந்தார்.

இப்போ பதினாறு மாசம் தள்ளி வாங்க. 1976 ஜூலை, மான்ட்ரியல் ஒலிம்பிக். அதே கேப்டன் அஜித்பால் சிங். அதே சுர்ஜித், அசோக் குமார், கோவிந்தா, பிலிப்ஸ், அஸ்லம். கூடவே இன்னொரு தமிழ்நாட்டுக்காரர், வாசுதேவன் பாஸ்கரன். அர்ஜென்டினா, கனடா, மலேசியா மூணையும் சுலபமா ஜெயிச்சாங்க. ஆனா நெதர்லாந்துகிட்ட 1-3. ஆஸ்திரேலியாகிட்ட 1-6. ஆமா, ஆறு கோல். அரையிறுதிக்கு யார் போறதுன்னு முடிவு பண்ண அதே ஆஸ்திரேலியாவோட திரும்ப ஒரு ஆட்டம். 1-1, பெனால்டி ஸ்ட்ரோக்ல தோல்வி. கடைசியில ஏழாவது இடம். 1928 ஆம்ஸ்டர்டாம்ல தொடங்கி பத்து ஒலிம்பிக்ல ஏதாவது ஒரு பதக்கம் இல்லாம இந்திய ஹாக்கி வீடு திரும்பினதே கிடையாது. முதல் தடவையா வெறுங்கையோட வந்தாங்க, அதுவும் உலக சாம்பியன்களா இருந்துக்கிட்டு.

ஏன்னு கேட்டா நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "தரையை மாத்திட்டான்." ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைப் புல்லில் நடந்தது அதுதான் முதல் தடவை. இந்த பதில்ல உண்மை இருக்கு. அந்தத் தரை ஆட்டத்தை என்ன பண்ணுச்சுன்னு முதல்ல பார்த்துடுவோம், ஏன்னா "மாத்திட்டான்"னு சொல்றவங்க யாரும் அதை விளக்க மாட்டாங்க.

நான் ஆரணிக்காரன். பட்டுப் புடவை ஆரணி இல்ல. பெரியபாளையம் பக்கத்துல, திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. எங்க பக்கத்து மைதானங்களை நீங்க பார்த்திருந்தா இது உடனே புரியும். மண், சரளை, நடுவுல மாடு மேஞ்ச பள்ளம். அங்க ஒரு பந்து உங்களை நோக்கி உருண்டு வந்தா அது நேரா வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. கடைசி ரெண்டு அடியில குதிக்கும், விலகும். அதைக் குச்சியால நிறுத்துறதே ஒரு வித்தை. சின்ன வயசுல இருந்து அப்படிப்பட்ட தரையில ஆடினவங்களோட மணிக்கட்டு வேற மாதிரி பழகியிருக்கும். ஐரோப்பிய டிஃபெண்டர் பந்தை நிறுத்தத் தடுமாறுற அந்த அரை நொடியிலதான் இந்திய ஃபார்வர்டு பந்தைப் பறிச்சுட்டுப் போவார். பல வருஷம் நம்ம கோல்கள் பிறந்தது அந்த அரை நொடியில.

செயற்கைப் புல்லில் பந்து ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நேரா வரும். சுமாரான ஆட்டக்காரரும் சுத்தமா நிறுத்திடுவார். அந்த அரை நொடி காணாம போச்சு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்குறவங்களுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். இருபது வருஷம் லேத் ஓட்டின ஒரு டர்னர் இருப்பார். கையால தொட்டே இவ்வளவு தேயணும்னு சொல்லிடுவார். கம்பெனியில அவரை விட்டா ஆள் இல்ல. ஒருநாள் சி.என்.சி. மெஷின் வந்து இறங்கும். அவர் கைத்திறமை எங்கேயும் போயிடல. ஆனா அது அபூர்வம் இல்லைன்னு ஆயிடும். ரெண்டு மாசம் பயிற்சி எடுத்த பையனும் அதே அளவுக்குத் துல்லியமா பொருள் எடுப்பான். இனிமே அவருக்கு மதிப்பு வேணும்னா புரோகிராமிங் கத்துக்கணும்.

ரெண்டாவது விஷயம் தூரம். புல்தரையில ஓங்கி அடிச்ச பந்து கொஞ்ச தூரத்துல சோர்ந்துடும். அதனால குட்டிக் குட்டி பாஸ்தான் பாதுகாப்பு. இன்சைட் ஃபார்வர்டு, விங்கர், ஹாஃப் மூணு பேரும் முக்கோணமா நின்னு பந்தை மாத்தி மாத்திக் கொண்டு போறது இந்திய பாணி. பார்க்க அவ்வளவு அழகு. ஆனா செயற்கைப் புல்லில் எதிரணி பேக் ஒரே அடியில பந்தை மைதானத்துக்குக் குறுக்கே அனுப்பிடுவார். நீங்க ஆறு பாஸ்ல கடந்த தூரத்தை அவர் ஒரே அடியில திரும்ப வாங்கிடுவார். உங்க ஆளுங்க அத்தனை பேரும் திரும்பி ஓடணும்.

இங்கதான் வியூகம் வருது. இந்தியா ஆடினது பழைய 5-3-2. அஞ்சு ஃபார்வர்டு, மூணு ஹாஃப், ரெண்டு பேக். நடுவுல அஜித்பால் சிங் மாதிரி ஒரு சென்டர் ஹாஃப். அவர் வேகமா ஓடி பேர் வாங்கினவர் இல்ல. பந்து எங்க வரும்னு முன்னாடியே தெரிஞ்சு அங்க போய் நிக்கிறவர். மெதுவான தரையில அந்த அறிவு ரெண்டு ஆளுக்குச் சமம். வேகமான தரையில அஞ்சு ஃபார்வர்டுக்கும் மூணு ஹாஃபுக்கும் நடுவுல பெரிய வெட்டவெளி திறந்துக்கும், அதை எவ்வளவு பெரிய அறிவாளியாலயும் தனியா அடைக்க முடியாது. ஃபார்வர்டுங்க கீழே இறங்கி வந்து டிஃபென்ஸ் பண்ணணும். அது எங்க வேலை இல்லைன்னு நினைச்சுத்தான் நம்ம ஃபார்வர்டுங்க ரெண்டு தலைமுறையா வளர்ந்திருந்தாங்க.

எதிர்ல நின்னவங்க சும்மா இல்ல. மேற்கு ஜெர்மனி 1972 மியூனிக்ல பாகிஸ்தானை 1-0 ஜெயிச்சு தங்கம் வாங்கினது. 1928-க்கு அப்புறம் இந்தியாவும் பாகிஸ்தானும் தவிர வேற யாரும் வாங்கின முதல் தங்கம் அது. ஆளுக்கு ஆள் ஒட்டிக்கிட்டு மார்க் பண்றது, பின்னாடி ஒரு ஆளைச் சும்மா காவலுக்கு நிறுத்துறது, எழுபது நிமிஷமும் ஓடுற உடம்பு. அடுத்த வருஷமே ஆம்ஸ்டெல்வீன் உலகக் கோப்பை இறுதியில இந்தியா 2-0 முன்னிலையில இருந்து, நெதர்லாந்து சமன் பண்ணி, பெனால்டி ஸ்ட்ரோக்ல ஜெயிச்சுது.

கவனிச்சீங்களா, இந்த ரெண்டும் நடந்தது இயற்கைப் புல்லில்.

அதனாலதான் "தரையை மாத்திட்டான்" பதில் எனக்குப் போதல. மான்ட்ரியல்ல தங்கம் வாங்கினது யாரு? நியூசிலாந்து. அவங்களும் புல்தரையில வளர்ந்தவங்கதான். வெண்கலம் யாருக்கு? பாகிஸ்தானுக்கு. நம்மளோட ஒரே பள்ளிக்கூடத்துல ஹாக்கி படிச்ச நாடு. அவங்க அஞ்சு ஃபார்வர்டை விடல. ஆனா சமியுல்லா மாதிரி ஓட்டக்காரர்களை விங்ல வச்சு, நீளமான குறுக்கு பாஸ், அதைத் துரத்தி ஓடுற வேகம்னு ஆட்டத்தைக் கட்டியிருந்தாங்க. புதுத் தரை அதுக்குத் தோதா அமைஞ்சுது. 1978, 1982 உலகக் கோப்பைகளையும் 1984 ஒலிம்பிக் தங்கத்தையும் அவங்கதான் அள்ளிட்டுப் போனாங்க.

இன்னொரு சாட்சியும் இருக்கு. 1978 உலகக் கோப்பை பியூனோஸ் அயர்ஸ்ல, சாதாரணப் புல்லில்தான் நடந்தது. நடப்பு சாம்பியன் இந்தியாவுக்கு அங்க ஆறாவது இடம். தரை பழையபடி வந்துடுச்சு, ஆட்டம் வரல.

அப்போ என்னதான் காரணம்? என் கணக்கு இது. 1975-ல ஜெயிச்ச அணி ஏற்கெனவே விளிம்புல நின்னுக்கிட்டிருந்தது. அரையிறுதி கூடுதல் நேரத்துல, இறுதி ஒரு கோல் வித்தியாசத்துல. அந்தக் கோப்பைக்கான பயிற்சி முகாமே ஹாக்கி சம்மேளனத்துக்குள்ள சண்டை முத்தினதால பஞ்சாப் அரசு பொறுப்பெடுத்து சண்டிகர்ல நடத்தினது. பல்பீர் சிங் சீனியர் பொறுப்புல இருந்தார், ஆட்டக்காரர்களை ஒரே குடும்பம் மாதிரி கட்டி வச்சு, உடம்பைத் தேத்தினார். அது ஒரு தற்காலிக ஏற்பாடு. கோப்பை வந்ததும் "நம்ம பாணிதான் சரி"ங்கிறதுக்குச் சான்றிதழ் கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு. தோத்திருந்தா யாராவது உட்கார்ந்து யோசிச்சிருப்பாங்க. ஜெயிச்ச அணிகிட்ட போய் "உங்க அஞ்சு ஃபார்வர்டுல ஒருத்தரைக் குறைங்க"ன்னு யார் சொல்லுவா? மத்த நாடுகள் கோலாலம்பூர் ஆட்டத்தைப் பார்த்து நம்மளைப் படிச்சாங்க. நாம கோப்பையைப் பார்த்துக்கிட்டிருந்தோம்.

நடுவுல ஒரு வெளிச்சம் உண்டு. 1980 மாஸ்கோ. மான்ட்ரியல்ல அடி வாங்கின நம்ம பாஸ்கரன் இப்போ கேப்டன். இறுதி ஆட்டத்துல ஸ்பெயினை 4-3 ஜெயிச்சு தங்கம், அதுவும் செயற்கைப் புல்லில். ஒரு தமிழ்நாட்டுக்காரர் தலைமையில வந்த தங்கம், கொண்டாடணும். அதே நேரம் ஒலிம்பிக் புறக்கணிப்பால ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி, பாகிஸ்தான், நியூசிலாந்து யாரும் அங்க வரல. மொத்தம் ஆறு அணி. ரெண்டு உண்மையையும் சேர்த்துத்தான் சொல்லணும். அந்தத் தங்கம் பொய் இல்ல, ஆனா மான்ட்ரியல் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்ல.

பதில் 1982 டிசம்பர்ல வந்துது. ஆசிய விளையாட்டு, டெல்லி நேஷனல் ஸ்டேடியம். இந்த முறை செயற்கைப் புல் நம்ம வீட்டுலயே போட்டிருந்தாங்க. பாகிஸ்தானோட இறுதி ஆட்டம். 1-7. கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகி மேல பழி விழுந்தது. வருஷக்கணக்கா அந்த மனுஷனைத் துரோகின்னே பேசினாங்க. ஏழு கோல் வர்றதுக்கு முன்னாடி நடுவுல இருந்த ஓட்டையை யாரும் எண்ணிப் பார்க்கல. தோல்விக்கு ஒரு ஆள் கிடைச்சுட்டா வியூகத்தைப் பத்திப் பேசத் தேவையே இல்லாம போயிடுதுல்ல? நேகி பின்னாடி பெண்கள் அணிக்குக் கோல்கீப்பிங் கோச்சா வந்தது தனிக்கதை.

1986 லண்டன் உலகக் கோப்பை, முதல் தடவையா செயற்கைப் புல்லில் நடந்த உலகக் கோப்பை. பன்னிரண்டு அணிகள். இந்தியா பன்னிரண்டாவது. பாகிஸ்தான் பதினோராவது. இதைச் சொன்னா "பார்த்தியா, கடைசியில தரைதான் ஜெயிச்சது"ன்னு ஒரு நண்பன் என்கிட்ட வாதாடினான். பாதி ஒத்துக்கறேன். தரை ஒரே ராத்திரியில நம்மளைத் தோற்கடிக்கல. மெதுவா, பணத்தால தோற்கடிச்சது. ஒரு செயற்கைப் புல் மைதானத்துக்குக் கோடிக்கணக்குல செலவாகும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லிட்டர் லிட்டரா தண்ணி பாய்ச்சணும், சில வருஷத்துல பிரிச்சு மாத்தணும். ஐரோப்பாவுல ஊருக்கு ஊர் கிளப்புகள் அதைப் போட்டுக்கிட்டே போனாங்க. இங்க ஒரு பையன் பதினாலு, பதினஞ்சு வயசு வரை மண்ணுல ஆடிட்டு, தேர்வு முகாமுக்குப் போறப்பதான் முதல் தடவை அதுல கால் வைப்பான். மண்ணு கத்துக்கொடுத்த பழக்கம் பாதியை அங்க மறக்கணும்.

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் நமக்கு அப்படி ஒரு இடம். 2007-ல ஆசியக் கோப்பை இறுதியில இந்தியா கொரியாவை 7-2 அடிச்சது அங்கதான். 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில மலேசியாவை 4-3 ஜெயிச்சதும் அங்கதான். அந்த அணியில இருந்த கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர், ஆட்டம் கத்துக்கிட்டது கோவில்பட்டி விடுதியில. கோவில்பட்டியில இப்போ செயற்கைப் புல் மைதானம் இருக்கு. எங்க ஆரணியில இருந்து ஒரு பையன் அதுல ஆடிப் பார்க்கணும்னா விடியக்காலையில எந்திரிச்சு, ரெட்ஹில்ஸ் வழியா பஸ் பிடிச்சு, எழும்பூர் வரைக்கும் போகணும்.