ஒரே ஏரி.. இந்தக் கரையில் ஓர் அவை, அந்தக் கரையில் இரண்டு அவை! பழவேற்காடு மீனவர்களுக்குச் சட்டம் போடுவது யார்?

பழவேற்காடு ஏரியில் வலை வீசும் மீனவர்களுக்குத் தண்ணீர் ஒன்றுதான். ஆனால் ஏரியின் தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும், பெரும்பகுதி ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்திலும் இருக்கிறது. உள்நாட்டு மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் வருவதால், ஒரே ஏரிக்கு இரண்டு அரசுகளின் சட்டம்.

தமிழ்நாட்டுக் கரையில்..

பழவேற்காடு மக்கள் பொன்னேரி தொகுதியில் ஓட்டுப் போடுகிறார்கள். 234 பேர் கொண்ட சட்டப்பேரவை மட்டும்தான் இங்கே. முன்பு 63 இடங்களுடன் மேலவையும் இருந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது கலைக்கப்பட்டு, 1986 நவம்பர் 1-ல் முடிவுக்கு வந்தது. கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்த 1983-ல் இரு அவைகளும் இருந்தன. இப்போது அதில் திருத்தம் வேண்டுமென்றால் பேரவை நிறைவேற்றினால் போதும்.

ஆந்திரக் கரையில்..

சூலூர்பேட்டை பக்கத்து மீனவர்களுக்கு 175 பேர் கொண்ட பேரவையோடு, 58 பேர் கொண்ட மேலவையும் உண்டு. 1985-ல் கலைக்கப்பட்ட இந்த மேலவை 2007-ல் மீண்டும் வந்தது.

மேலவைக்கு யார் ஓட்டுப் போடுவது?

* எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பவர்கள் - 20
* உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பவர்கள் - 20
* பட்டதாரிகள் - 5
* ஆசிரியர்கள் - 5
* ஆளுநர் நியமனம் - 8

பதவிக்காலம் 6 ஆண்டு. 2 ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள்.

சரி, மீனவர்களுக்குத் தனி இடம் உண்டா? இல்லை. பட்டம் படிக்காத மீனவர் இதில் நேரடியாக ஓட்டுப் போட முடியாது. ஆனால் ஆளுநர் நியமனத்துக்கான துறைகளில் கூட்டுறவு இயக்கமும் ஒன்று. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் அனுபவம் உள்ள ஒருவர் அந்த வழியாக உள்ளே போக அரசியல் சட்டம் இடம் தருகிறது.

மேலவைக்கு எவ்வளவு பலம்?

அமெரிக்காவில் 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை ஒரு மசோதாவை நிறைவேற்றினாலும், 100 பேர் கொண்ட செனட் மறுத்தால் அது சட்டமாகாது. நம் மாநில மேலவைக்கு அந்த பலம் கிடையாது. சாதாரண மசோதாவை முதலில் 3 மாதம், பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம் தாமதப்படுத்தலாம். பண மசோதா என்றால் 14 நாள்தான்.

இருந்தாலும் தாமதமே சில நேரம் பெரிய ஆயுதம். 2020-ல் ஆந்திராவின் மூன்று தலைநகர் மசோதாக்கள் மேலவையில் சிக்கின. உடனே மேலவையையே கலைக்கச் சொல்லி பேரவை தீர்மானம் போட்டது. 2021-ல் அது திரும்பப் பெறப்பட்டது.

தமிழ்நாட்டில் மீண்டும் வருமா?

பேரவை சிறப்புப் பெரும்பான்மையுடன் தீர்மானம் போட வேண்டும். பிறகு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 2010-ல் இரண்டும் நடந்தன. 2011-ல் ஆட்சி மாறியதும் முயற்சி நின்றுபோனது.

அப்போ எல்லைத் தகராறு?

ஏரியில் யார் எங்கே மீன் பிடிப்பது என்ற சண்டையை ஒரு மாநிலத்தின் அவை மட்டும் தீர்த்துவிட முடியாது. சென்னை போடும் சட்டம் சூலூர்பேட்டையில் செல்லாது. அமராவதி போடும் சட்டம் பழவேற்காட்டில் செல்லாது. அவை ஒன்றோ இரண்டோ, இரு அரசுகளும் உட்கார்ந்து பேசினால்தான் வழி பிறக்கும்.